எண்ணூரில் அள்ளியதை எண்ணூரில் சொல்லுங்கள்: ஒரு சுற்றுச்சூழல் துறைக்குத் திறந்த மடல்

சுற்றுச்சூழல் அறிவியல் துறைத்தலைவர் அவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊருக்கும் தெரியும், அது போதும்.

முதுகலை மாணவர்களும் பிஎச்.டி. மாணவர்களும் தங்கள் ஆய்வை ஊர் மக்கள் முன் வைக்கும் கூட்டம் இந்த வருடம் எங்கள் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் நடக்காது, பல்கலைக்கழக அரங்கத்துக்கு மாற்றியாகிவிட்டது என்று போன வாரம் தகவல் வந்தது. அதை எங்களிடம் சொன்னது நீங்கள் இல்லை. நாற்காலிக்கும் மைக்செட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு, ஒரு மாணவி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். புதன்கிழமை காலை 10 மணி. பேச்சு ஆங்கிலத்தில். ஊர் சார்பில் இரண்டு பேர் வரலாம், பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னார். முடிவுகள் இன்னும் பிரசுரமாகவில்லை. ஊரில் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். ஏதாவது பிரச்சினை ஆனால் மாணவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

அந்த மாணவி மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. முடிவெடுத்தவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

எங்கள் ஆறு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆறு. கொசஸ்தலை கடலில் போய்ச் சேரும் இடம், பக்கிங்ஹாம் கால்வாய் வந்து கலக்கும் இடம். சுற்றிலும் அனல் மின் நிலையம், துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. சென்னையில் சுற்றுச்சூழல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? அதனால் வருடா வருடம் வருகிறார்கள். ஐஸ்பெட்டி, ஜிபிஎஸ், பாட்டில் மூட்டை எல்லாவற்றையும் அப்பாவின் ஃபைபர் படகில் ஏற்றுவார்கள். சேறு எடுக்க ஒரு இரும்புக் கவ்வி வைத்திருப்பார்கள். கயிற்றில் கட்டி இறக்கினால் அடியில் போய் மூடிக்கொண்டு ஒரு பிடி சேற்றோடு மேலே வரும். அதை உறையில் வழித்துப் போட்டு, மார்க்கரில் எண் எழுதி, ஐஸில் வைப்பார்கள். சில இடங்களில் சேற்றுக்குப் பதிலாகச் சாம்பல்தான் வரும். வெளுத்த நிறத்தில், விரலில் தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஆற்றில் படிந்தது அது. இந்த இடத்தில் முன்பு எவ்வளவு ஆழம் இருந்தது, என்ன மீன் கிடைத்தது, எந்தக் காற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளும் என்று அப்பா சொல்லிக்கொண்டே வருவார். அவர்களும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் 'உள்ளூர் மீனவர்கள்' என்று ஒரு வரி வரும், பெயர் வராது. அது போகட்டும், அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. அந்த உறைகளில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லாததுதான் அவருக்கு வருத்தம்.

கேட்டால், ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றிவிட்டோம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறீர்கள். நானும் திறந்து பார்த்தேன். ஊருக்கு வரும் அரசாங்கக் கடிதங்களைப் படித்துச் சொல்வது நான்தான், கணக்கு எழுதுவது என் வேலை, ஆங்கிலம் ஓரளவு வரும். எனக்கே அட்டவணைக்கு அப்புறம் அட்டவணையாக ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிற கேள்வி சின்னது. மாசமாக இருக்கிற மகளுக்கு இந்த ஆற்று மடவையைக் குழம்பு வைத்துக் கொடுக்கலாமா, கூடாதா? மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர வரம்பு. நம் ஆற்று மீனில் எவ்வளவு இருந்தது, எந்த மீனில், எந்த அளவு மீனில், எந்தப் பக்கம் பிடித்ததில்? இதற்கான பதில் உங்கள் துறை அலமாரியில் இருக்கிறது. குழம்பு வைக்கிறவளிடம் மட்டும் இல்லை.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

ஊரில் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்கிறீர்கள். போன வருடம் முதல் தடவையாக இங்கே கூட்டம் நடந்தபோது உங்களில் இரண்டு பேர் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஒரு மாணவர் ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். தமிழில்தான் பேசினார், கொஞ்சம் திக்கினாலும் நன்றாகப் பேசினார். நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பது அவருடைய முடிவு. கூட்டத்தில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் இருந்தார்கள். பிடித்ததைப் போட வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்கிறவர்கள். அவர்களில் மூத்தவர் ஒருத்தி எழுந்து, "தண்ணி எத்தனை மணிக்கு எடுத்தீங்க தம்பி?" என்று கேட்டார். மாணவர் நோட்டைப் பார்த்தார். எல்லாமே காலை பதினொன்று, பன்னிரண்டு. நகரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கிப் படகு ஏற அந்த நேரம்தான் ஆகும். ஆயா சிரித்துவிட்டு, "நீங்க வர்ற நேரத்துல ஆறு நல்லாத்தான் இருக்கும். ராத்திரி வந்து எடுங்க. அப்புறம் தண்ணி ஏறும்போது எடுத்தீங்களா, வத்தும்போது எடுத்தீங்களா?" என்றார்.

கூடமே அமைதியானது. தண்ணீர் ஏறும்போது கடல் தண்ணீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் நீர்க்க வைத்துவிடும், வற்றும்போது எடுத்தால்தான் ஆலைப் பக்கத்திலிருந்து இறங்குவது பாட்டிலில் சிக்கும். இதை உங்கள் மாணவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை, சட்டென்று பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கி, ராத்திரியிலும் விடியற்காலையிலும் ஓதம் பார்த்துத் தண்ணீர் எடுத்தார். எண்கள் மாறின என்று அவரே வந்து சொன்னார். எவ்வளவு மாறின என்பதை இந்த வருடக் கூட்டத்தில் சொல்வதாக இருந்தார்.

ஆக, தவறாகப் புரிந்துகொண்டது யார்? ஆய்வேட்டைத் திருத்துகிற பேராசிரியர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே. ஊர்க் கூட்டத்தை நீங்கள் மாணவர்கள் செய்யும் சமூக சேவைக் கணக்கில் எழுதுகிறீர்கள். எனக்கு அது ஆய்வுக்குக் கட்டாயம் வேண்டிய இன்னொரு சரிபார்ப்பாகத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றில் இப்போது காக்கா ஆழி பரவிக் கிடக்கிறது. உங்கள் மாணவர்கள் அதை மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்கிறார்கள். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி, கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சரி. ஆனால் அது புதுசு, நம் ஆற்றுடையது இல்லை என்று முதலில் சொன்னது யார்? மஞ்ச மட்டி கிடந்த இடத்தை இது கொத்துக் கொத்தாக மூடுகிறது, அடியில் சேறு கறுத்து நாறுகிறது, இறால் புதைந்து கிடக்க இடமில்லை என்று எங்கள் ஆட்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் அறிவியல்காரர்கள் வந்து பார்த்தார்கள். அன்றைக்கு எங்கள் பேச்சைத் தவறான புரிதல் என்று ஒதுக்கியிருந்தால் உங்கள் துறைக்கு ஒரு ஆய்வுத் தலைப்பு குறைந்திருக்கும்.

அடுத்தது, முடிவுகள் பிரசுரமாகவில்லை என்பது. பிரசுரமாவதற்கு முன்னால் நாளிதழில் மட்டும் வரலாமா? எங்கள் ஆற்று மீனில் உலோகம் இருக்கிறது என்று உங்கள் ஆய்வு ஒன்றை வைத்து ஒரு நாளிதழில் செய்தி வந்தது. காலையில் டீக்கடையில் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். எந்த மீன் என்று அதில் இல்லை, எந்த இடம் என்று இல்லை, 'எண்ணூர் மீன்' என்று மட்டும் இருந்தது. அன்றைக்கு அம்மா கூடையோடு போன தெருக்களில் கூப்பிட்டு வாங்குகிறவர்களே கதவைத் திறக்கவில்லை. கடலில் வெகுதூரம் போய்ப் பிடித்து வந்த மீனையும் யாரும் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் கருவாடு போட்டோம்.

இந்த விஷயத்தில் ஊரிலும் ஒரே கருத்து இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆய்வே வேண்டாம், முடிவு வெளியே வந்தால் நம் பிழைப்பில்தான் மண் விழும், ஆலைக்காரனுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் செய்தியாக வருவதற்கு முன் ஊர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம். எந்த மீன், எந்த இடம் என்று தெரிந்தால் அந்த இடத்தில் வலை போடாமல் இருக்கலாம், வாங்குகிறவர்களுக்கும் பதில் சொல்லலாம். யாரோ எழுதிய ஒரு வரியைப் பார்த்துவிட்டு வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

விதியைச் சொல்வீர்கள் என்றால் விதியையும் பார்ப்போம். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமான திட்டம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் அனுமதி கேட்டால், அந்தக் கூட்டத்தைத் திட்டம் வரும் இடத்திலேயோ அதற்கு மிக அருகிலேயோ நடத்த வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். கூட்டத்தில் பேசியதை எழுதி, மக்களுக்குப் புரியும் மொழியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது தனிக்கதை, போலீஸ் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. புகை விடப் போகிற ஆலைக்காரர் ஊருக்கு வந்து தமிழில் சொல்ல வேண்டுமாம், அந்தப் புகையை அளந்த பல்கலைக்கழகம் வரவேண்டாமாம். இது உங்களுக்கே சரியாகப் படுகிறதா?

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்குப் பொது என்ற அடைமொழி சும்மா வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2016 விதிமுறை, துறை ஆட்களோடு ஆர்வமுள்ள மற்ற வல்லுநர்களும் ஆய்வாளர்களும் வரலாம் என்றது. முப்பது வருடம் இந்த ஆற்றில் வலை போட்டவர் வல்லுநரா இல்லையா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் 2014-இல் தொடங்கியதிலிருந்து கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. எங்களைத் தத்தெடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எங்களிடமிருந்து எடுத்ததற்குக் கணக்கு கேட்கிறோம்.

அந்தக் கணக்கில் சேறும் மீனும் மட்டும் இல்லை. ஒரு வருடம் உங்கள் மாணவர்கள் வீடு வீடாக வந்து, குழந்தைகளின் பின்னந்தலையில் கொஞ்சம் முடி வெட்டி, உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். உடம்பில் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கவாம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, நான்தான் தாய்மார்களுக்குப் படித்துச் சொன்னேன். அதில் முடிவு தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது, அதையும் படித்துச் சொன்னேன். இன்றைக்கும் தண்ணீர் லாரி வரிசையில் நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள், "அக்கா, என் புள்ள முடியில என்னா இருந்துச்சாம்?" மனிதர்களிடம் மாதிரி எடுத்துச் செய்யும் ஆய்வில் அந்தச் சமூகத்தோடு பேச வேண்டும், பலனைப் பகிர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. உங்கள் நெறிமுறைக் குழு அதைக் கட்டாயம் படித்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

முடிவை உள்ளேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் வகுப்பில் நடத்துகிற உதாரணமே இருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா, ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியாக மக்களுக்கு நோயாக வந்த ஊர். நோய் 1956-இல் பதிவானது. 1959-இல் ஆலையின் சொந்த மருத்துவமனை டாக்டர் ஹோசோகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. அந்த முடிவை வெளியே விடவில்லை. 1968 வரை கழிவு கடலுக்குத்தான் போனது, மீனவர்களும் அதே மீனைத்தான் சாப்பிட்டார்கள். இதைப் பாடமாக எடுக்கிற துறை, தன் முடிவைப் பெயர் பதிவு செய்த இரண்டு பேருக்கு மட்டும் ஏசி அரங்கத்தில் சொல்லுமாம்.

கடைசியாகப் பாதுகாப்பு. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, வாளியால் அள்ளியவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். கையெல்லாம் தாராக நின்ற பிள்ளைகளுக்கு எங்கள் வீடுகளில்தான் தேங்காய் எண்ணெய் கொடுத்துத் துடைத்துவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சு முட்டிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போதெல்லாம் விவரம் சேகரிக்க வந்த மாணவர்களை யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. மாணவர்களுக்கு ஆபத்து ஊரிலிருந்து வராது. உங்கள் துறை சுற்றுவட்டார நிறுவனங்களுக்கு ஆலோசனை வேலை செய்கிறது, அதனால்தான் இந்த மாற்றம் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. உண்மையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். உண்மை இல்லையென்றால் அதை மறுக்க ஊரிலேயே வந்து கூட்டம் நடத்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. அரங்கத்தில் நீங்கள் கூட்டம் போடுவது உங்கள் விருப்பம், அதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் எண்ணூரில் ஆய்வு செய்த ஒவ்வொரு மாணவரும், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் எங்கள் சமுதாயக் கூடத்தில் தமிழில் பேச வேண்டும். சமர்ப்பித்த பிறகு வந்து பிரயோஜனமில்லை, ஆயா கேட்டது போன்ற ஒரு கேள்வி வந்தால் திருத்த நேரம் இருக்க வேண்டும். வார நாள் காலையில் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஆண்கள் தண்ணீரிலும் பெண்கள் விற்பனையிலும் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மீன் விற்பனை மந்தம், சாயந்திரம் 5 மணிக்கு வைத்தால் கூடம் நிறையும். கூடத்து வாடகை, மைக், டீ எல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேண்டும். எங்கே எடுத்தது, எந்த நேரத்தில், ஓதம் ஏறும்போதா வற்றும்போதா, எந்த மீனில் எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அதைக் கொடுங்கள். திருத்தச் சொல்லிக் கேட்க மாட்டோம்.

முடி கொடுத்த குழந்தைகளின் முடிவை அந்தந்தத் தாயிடம் தனியாக, ஒரு மருத்துவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மைக்கில் சொல்ல வேண்டாம், பெயரை வெளியிட வேண்டாம். எண்களில் கவலைப்பட எதுவும் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஊரில் பேசியதற்காக எந்த மாணவரின் மதிப்பெண்ணிலும், உதவித்தொகையிலும், நெறியாளர் போட வேண்டிய கையெழுத்திலும் கை வைக்க மாட்டோம் என்று துறை எழுத்தில் தர வேண்டும். இந்த மடலைப் படித்துவிட்டு, போனில் சொன்ன அந்த மாணவி யார் என்று தேடவும் கூடாது.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். கூட்டத் தேதியை நீங்களே குறியுங்கள். தேதி வராவிட்டால், அடுத்த பருவத்தில் உங்கள் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் குப்பத்தில் படகு கிடைக்காது என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். போன வருடம் வீட்டில் தங்கிய மாணவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

இப்படிக்கு,
எண்ணூர் ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண்